நடுவில் கோடு இல்லாத சொல்

அந்தச் சொல் அன்புக்கரசியிடம் வந்து சேர்ந்தது ஒரு மதியத்தில். தயிர்சாதம் சாப்பிட்ட மயக்கத்தில் கண் மெல்லச் செருகிக்கொண்டு போகும் நேரம். ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு பழைய வீட்டின் மாடியில், பாதாம் மரம் எட்டிப் பார்க்கும் ஜன்னலோர நாற்காலியில் அவள் உட்கார்ந்திருந்தாள். வெயில் இலைகளுக்குள் புகுந்து வந்து மேசைமேல் பச்சையும் மஞ்சளுமாக அலைந்துகொண்டிருந்தது. லேப்டாப்பில் புதிய வேலை ஒன்று வந்து விழுந்த சத்தம் கேட்டுத் திறந்து பார்த்தாள். தமிழாக்க வேண்டிய சொற்களில் முதலாவதாக நின்றது அது: கோவொர்க்கிங்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவள் உட்கார்ந்திருந்த இடமே அதுதான். வாசலில் மாட்டியிருக்கும் பலகையில் ஆங்கிலத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. ஒரு வருஷமாக அந்தப் பலகையின் கீழே நுழைந்து, அதன் கீழேயே வெளியே போய்க்கொண்டிருந்தாள். அதற்குத் தமிழில் என்ன என்று ஒருநாளும் அவள் யோசித்ததில்லை.

கைபேசியில் நாம் தொடும் பொத்தான்களுக்குத் தமிழில் பெயர் வைப்பது அன்புக்கரசியின் தொழில். ‘அனுப்பு’, ‘திரும்பிச் செல்’, ‘மீண்டும் முயலவும்’ என்று அவள் எழுதியவற்றை எங்கெங்கோ யார் யாரோ விரலால் தொடுகிறார்கள். ஒருமுறை பஸ்ஸில் பக்கத்தில் நின்றவரின் கைபேசியில் ‘சற்றே பொறுங்கள்’ என்ற வரி வெகுநேரம் சுற்றிக்கொண்டே இருந்தது. அது அவள் எழுதியது. அந்த மனிதரும் மறுபேச்சு இல்லாமல் பொறுத்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு முழுவதும் அவளுக்கு மனசுக்குள் ஒரு மிதப்பு இருந்தது.

அவள் பிறந்து வளர்ந்தது சிந்தாதிரிப்பேட்டையில், கூவத்தங்கரையில். அப்பா வேலு சரக்கு ஏற்றும் மீன்பாடி வண்டி ஓட்டினார். வரிசையாக ஒட்டிக்கொண்டிருந்த வீடுகளில் அவர்களுடையது நடுவில். அன்புக்கரசி பத்தாவது படித்தது, பன்னிரண்டாவது படித்தது, கடைசியில் அரசுக் கல்லூரியில் தமிழ் எம்.ஏ. முடித்தது எல்லாமே வீட்டுக்கு வெளியே, ஊரே நடமாடும் சந்தில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டுக்கொண்டுதான். பக்கத்தில் ஒருத்தி பூக்கட்டுவாள், எதிரே ஒருவர் மிக்ஸியைப் பிரித்துப் போட்டு ரிப்பேர் செய்வார். அந்தச் சந்தடி இல்லாவிட்டால் அவளுக்குப் படிப்பு ஏறாது. பரீட்சை அறையின் அமைதியில்தான் அவளுக்குப் படித்தது மறந்துபோகும்.

அப்பா இறந்துபோன மறுவருஷம் கரையைக் காலி செய்யச் சொன்னார்கள். பெரும்பாக்கத்தில் எட்டாவது மாடியில் வீடு கிடைத்தது. அம்மா தேவானை, தம்பி பிரபு, அவன் மனைவி, அவர்களுடைய இரண்டு வாண்டுகள், அன்புக்கரசி எல்லோரும் அதற்குள். கதவைச் சாத்தினால் பிள்ளைகள் லேப்டாப்பின் மேலே ஏறின. கதவைத் திறந்தால் நீண்ட நடைவழி, சாத்திய கதவுகள், ஆள் அரவமில்லை. நெட்டும் வருவதும் போவதுமாக இருந்தது. வேலை இரண்டு முறை தாமதமானதும், அவளுக்கு வேலை தரும் பெங்களூரு நிறுவனமே இந்த மாடியில் ஒரு நாற்காலிக்கு ஏற்பாடு செய்துவிட்டது. தேவானை ராஜா அண்ணாமலைபுரத்திலேயே ஒரு வீட்டில் சமையல் வேலை பார்த்தாள். காலையில் தாயும் மகளும் ஒரே பஸ்ஸில் வந்து, ஒரே நிறுத்தத்தில் இறங்கி, எதிரெதிர்த் தெருவுக்குள் போவார்கள்.

இப்போது வந்திருந்த வேலை, இப்படிப்பட்ட இடங்களைத் தேடிப் பிடித்து நாற்காலி பதிவு செய்ய உதவும் ஒரு செயலிக்கானது. சொல்லைத் தமிழில் எப்படி எழுதுவது, அதற்கு என்ன பொருள் சொல்வது, இரண்டையும் முதலில் முடிவு செய்யச் சொல்லியிருந்தார்கள். கூடவே ஒரு கண்டிப்பான குறிப்பு: ‘கோ’வுக்கும் ‘வொர்க்கிங்’குக்கும் நடுவில் கோடு போடக் கூடாது.

கோடு ஏன் கூடாது என்று பெங்களூருவில் மொழிபெயர்ப்புகளைச் சரிபார்க்கும் கிரீஷிடம் கேட்டாள். அவர் பொறுமைசாலி. கன்னட வாடையடிக்கும் தமிழில் விளக்கினார். ஆங்கிலத்தில் கோடு போட்டு எழுதினால் ஒரே முதலாளியிடம் ஒரே கம்பெனியில் வேலை செய்கிறவர்கள் என்று ஆகிவிடுமாம். இது அப்படியில்லை. ஒருவருக்கொருவர் ஒட்டும் உறவும் இல்லாதவர்கள் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து அவரவர் வேலையைப் பார்ப்பது. அந்த வித்தியாசம் தெரிய வேண்டும் என்பதற்காகவே கோட்டை எடுத்துவிட்டார்களாம். இன்னமும் சிலர் போடுகிறார்கள், சிலர் இரண்டு சொல்லாகப் பிரித்தும் எழுதுகிறார்கள், இதற்காகச் சண்டை போடுகிறவர்களும் உண்டு என்றார்.

போனை வைத்துவிட்டு அன்புக்கரசி அதை ஒரு தாளில் இரண்டு விதமாகவும் எழுதிப் பார்த்தாள். கோடு போட்டால் சேர்ந்தவர்கள், கோட்டை அழித்தால் தனித்தனி ஆட்கள். அவளுக்குத் தெரிந்த உலகத்தில் அது நேர்மாறாக இருந்தது. பிரிக்க நினைப்பவர்கள்தான் கோடு போடுவார்கள்.

முதலில் ‘கூட்டுப்பணி’ என்று எழுதினாள். மாலை பஸ்ஸில் அம்மாவிடம் அதைச் சொல்லிப் பார்த்தாள். தேவானை நெற்றியைச் சுருக்கினாள்.

“கூட்டுற வேலையா? இம்மாம் படிச்சிட்டு இன்னாத்துக்குடி கூட்டுற வேலைக்குப் போறே?”

முன் இருக்கையில் இருந்த அம்மாள் திரும்பிப் பார்த்து, அன்புக்கரசியின் கையில் இருந்த லேப்டாப் பையையும் பார்த்துவிட்டு, அனுதாபத்தோடு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மறுநாள் காலை அந்தச் சொல்லை அழித்துவிட்டு ‘உடன்பணி’ என்று எழுதி அனுப்பினாள். உடன் என்கிற சொல் அவளுக்குப் பிடித்திருந்தது. தோளோடு தோள் உரசுகிற மாதிரி இருந்தது. ஆனால் நாலைந்து பேரிடம் காட்டிப் பார்த்ததில் எல்லோரும் அதை ‘உடனடி வேலை’ என்று படித்துவிட்டார்கள் என்று கிரீஷ் திருப்பி அனுப்பினார். ‘இணைபணி’ என்றால் இரண்டாவது வேலை என்று பட்டது. ‘பகிர்பணி’ என்றால் ஒரே வேலையைப் பங்கு போட்டுக்கொள்வது.

முன் மேசையில் இருக்கும் கயல் இதையெல்லாம் சுவாரசியமாகக் கேட்டுக்கொண்டாள். கயல் பட்டினப்பாக்கத்துப் பெண். வருகிறவர்களுக்கு வழிகாட்டுவது, பார்சல் வாங்கிவைப்பது, டீ நேரத்தில் டீ சொல்வது எல்லாம் அவள் பொறுப்பு. அந்த இடத்தின் பெயரை ஊரார் எப்படியெல்லாம் எழுதுகிறார்கள் என்று பார்சல்களின் மேலிருந்த சீட்டுகளைக் காட்டினாள். ஒன்றில் இரண்டு சொல். ஒன்றில் கோடு. ஒரு புண்ணியவான், பசுமாட்டுக்கான ஆங்கில எழுத்துகளைப் போட்டு, மாடு வேலை செய்யும் இடம் என்று ஆக்கியிருந்தார்.

“கோன்னா தமிழ்லயும் பசுதானேக்கா,” என்றாள் கயல். “அவரு தப்பா எழுதல. நம்மளைப் பாத்துட்டு எழுதியிருக்காரு.”

செயலியின் சொந்தக்காரர்கள் ஆங்கிலத்தில் ஒரு விளக்கமும் தந்திருந்தார்கள். அதைத் தமிழாக்கினால் ‘பகிரப்பட்ட உள்கட்டமைப்பைப் பயன்படுத்தி நெகிழ்வான முறையில் பணியாற்றுதல்’ என்று வந்தது. பிழை ஒன்றும் இல்லை. அதில் மின்சாரம் இருந்தது, நெட் இருந்தது, மேசை நாற்காலி எல்லாம் இருந்தது. ஆளைத்தான் காணவில்லை. கிரீஷ் அவசரப்படுத்தவில்லை. மற்ற சொற்களை முதலில் முடித்துக் கொடுங்கள், இது கடைசியில் வரட்டும் என்றார். அவள் மற்றவற்றைச் செய்தாள். ஆனால் அந்தச் சொல் நாள் முழுக்கக் காதோரம் ரீங்காரமிட்டுக்கொண்டே இருந்தது.

அவளுக்கு இடப்பக்கத்து நாற்காலியில் தௌசீஃப் உட்காருவான். ராயப்பேட்டைக்காரன். முப்பதைத் தாண்டியிருக்கலாம். படங்களுக்கான ஒலிப்பதிவுகளைச் சுத்தம் செய்கிற வேலை என்று கயல் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். காலையில் வந்ததும் பெரிய ஹெட்போனை மாட்டிக்கொள்வான், அவ்வளவுதான். ஒரு வருஷத்தில் இருவரும் பேசியது ‘எக்ஸ்கியூஸ் மீ’யும் ‘தேங்க்ஸ்’ஸும் மட்டும். ஆனால் சுவரில் இருந்த ஒரே நல்ல பிளக்கை முற்பகலில் அவளும் பிற்பகலில் அவனும் பயன்படுத்துவது என்று பேசாமலே ஒரு ஏற்பாடு ஆகியிருந்தது. அவன் கண்ணை மூடித் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தால் அவள் நாற்காலியை நகர்த்தமாட்டாள். அவன் எதைக் கேட்கிறான் என்று சில சமயம் கற்பனை செய்வாள். மழையாக இருக்கலாம். யாரோ அழுவதாகவும் இருக்கலாம்.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் அவள் மேசையிலேயே தலைசாய்த்துத் தூங்கிவிட்டாள். கனவில் கூவம் நிறைந்து வந்தது. கறுப்பாக இல்லை. புதுமழைத் தண்ணீராக, தேநீர் நிறத்தில், இந்த மாடியின் உயரத்துக்கு வந்து ஜன்னல் வழியாக உள்ளே நுழைந்தது. யாரும் பதறவில்லை. மேசைகள் ஒவ்வொன்றாகத் தரையை விட்டு எழுந்து மிதந்தன. ஒவ்வொரு மேசையிலும் ஒருவர், எதிரே ஒரு சின்ன வெளிச்சம். துடுப்பு இல்லை, படகோட்டி இல்லை. யாரும் யாரையும் கட்டி இழுக்கவில்லை. ஆனாலும் எல்லா மேசைகளும் ஒரே வேகத்தில், ஒரே திசையில், மயிலாப்பூர்க் கோபுரத்தையும் தென்னந்தலைகளையும் தாண்டிக் கடலைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தன. பூக்கட்டுகிறவளும் ஒரு மேசையில் இருந்தாள். தண்ணீர் மேசைக்கால்களில் மோதும் சத்தம் அவ்வளவு மெதுவாக, அவ்வளவு அருகில் கேட்டது.

விழித்தபோது முகத்தில் வெயில் இல்லை. அந்த நேரத்துக்கு அந்த ஜன்னலில் வெயில் சுள்ளென்று அடிக்கும். யாரோ திரையை இழுத்துவிட்டிருந்தார்கள். திரையின் கயிறு தௌசீஃபின் பக்கத்தில் இருந்தது. அவன் முதுகைக் காட்டிக்கொண்டு ஏதோ கேட்டுக்கொண்டிருந்தான்.

அடுத்த வாரம் ஒரு நாள், டீ வந்து போன பிறகு, அவன் ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டு அவள் பக்கம் திரும்பினான். தயங்கினான்.

“மேடம், உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். தப்பா எடுத்துக்கக் கூடாது.”

விஷயம் இதுதான். ஒரு படத்தில் ஆபீஸ் காட்சி. இரண்டு பேர் பேசி முடித்துவிட்டுச் சும்மா இருக்கிறார்கள். அந்த இடத்தில் அமைதி வேண்டும். அமைதி என்றால் ஒன்றுமே இல்லாமல் விட்டுவிட முடியாது, பார்க்கிறவர்களுக்குக் காது அடைத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும், ஒவ்வொரு இடத்துக்கும் அதற்கென்று ஓர் அமைதி இருக்கிறது, அதைத் தனியாகப் பதிவு செய்து அடியில் விரிப்பார்கள் என்று அவன் விளக்கினான். ஸ்டூடியோவில் இருந்த எதுவும் சரிப்படவில்லை. அதனால் எல்லோரையும் கேட்டுக்கொண்டு, வேலை நேரத்தில் இந்த அறையையே பதிவு செய்திருந்தான். கயல் வந்து சொன்னதும் சரி சரி என்று தலையாட்டியதும் அன்புக்கரசிக்கு மங்கலாக ஞாபகம் வந்தது.

“அதுல உங்க குரல் இருக்கு,” என்றான். “வார்த்தை புரியாது. ஆனா நீங்கதான். வேணாம்னா எடுத்துடறேன்.”

அவளுக்குக் கன்னம் சூடாயிற்று. தான் பேசவே இல்லையே என்றாள். அவன் ஹெட்போனை நீட்டினான். அவள் துப்பட்டாவைத் தள்ளிவிட்டு மாட்டிக்கொண்டாள்.

முதலில் ஒன்றும் இல்லாதது போல இருந்தது. பிறகு ஏசியின் மூச்சு கேட்டது. அதற்குள்ளிருந்து ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. பாதாம் மரத்தில் ஒரு காக்கை அலகைத் தேய்த்தது. கயலின் வளையல்கள் குலுங்கி நின்றன. ஒரு நாற்காலியின் சக்கரம் கொஞ்சம் உருண்டது. அறை முழுக்க விசைகள் தட்டப்படும் சத்தம், தகரக் கூரையில் தூறல் விழுவது போல, ஒரு மூலையில் வலுத்து ஒரு மூலையில் ஓய்ந்து. யாரோ ஒருவர் பெருமூச்சு விட்டார். தூரத்தில் யாருக்கோ போன் வந்து, அவர் எழுந்து போக, கதவு அவருக்குப் பின்னால் மெத்தென்று சாத்திக்கொண்டது. இவ்வளவுக்கும் அடியில், தூளியை ஆட்டுகிறவள் தனக்குத்தானே முனகுவது போல, ஒரு பெண்குரல் ஓடிக்கொண்டிருந்தது. உடன்... கூட... பக்கத்தில்... உடனிருந்து. சொல்லைச் சொல்லிப் பார்க்கும்போது தனக்கு வாய் அசையும் என்பது அன்புக்கரசிக்கு முப்பத்திரண்டாவது வயதில் அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒரு வருஷமாக இந்த அறை முழுவதும் அதைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது. ஒருவரும் திரும்பிப் பார்த்ததில்லை.

முடிந்த பிறகும் அவள் கழற்றவில்லை. இன்னொரு முறை போடச் சொன்னாள். இரண்டாவது முறை கேட்டபோது கண்ணை மூடிக்கொண்டாள். அந்த அறை இப்போது மிகப் பெரியதாக இருந்தது. தான் அதன் நடுவில் இல்லை, ஓரத்திலும் இல்லை, எல்லாச் சத்தங்களோடும் சமமாகக் கிடக்கிறோம் என்று தோன்றியது.

“இத எடுத்தா இன்னா ஆவும்?” என்று கேட்டாள். ஆபீஸ் தமிழ் வாயிலிருந்து எப்போது நழுவியது என்று தெரியவில்லை.

“எடுத்துப் பாத்தேன்,” என்றான் தௌசீஃப். “ஒண்ணும் கொறையல. ஆனா அந்த ரூம்ல யாருமே வேல செய்யாத மாதிரி கீது.”

அவள் ஹெட்போனை அவனிடம் கொடுத்து, இருந்துவிட்டுப் போகட்டும் என்றாள். பிறகு லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்து, உள்கட்டமைப்பு விளக்கத்தை அழித்துவிட்டு, ஒரே மூச்சில் எழுதினாள்: ‘வெவ்வேறு வேலை உள்ளவர்கள் ஓரிடத்தில் கூடி, ஒருவர் அருகிருப்பதே மற்றவருக்குத் துணையாக, அவரவர் வேலையைச் செய்தல்.’ படித்துப் பார்த்தாள். ஒரு காற்புள்ளியை எடுத்தாள். மறுபடி போட்டாள். வாய் அசைந்துகொண்டிருந்தது. இந்த முறை தெரிந்தேதான்.

கிரீஷிடமிருந்து பதில் வர சில நாள் ஆனது. விளக்கத்தில் ஓர் எழுத்தைக்கூட செயலிக்காரர்கள் மாற்றவில்லை. இந்தி, தெலுங்கு, கன்னடக்காரர்களுக்கும் அதையே காட்டி, இந்த மாதிரி எழுதுங்கள் என்று சொல்லியிருக்கிறார்களாம். சொல்லுக்குத்தான் தமிழ் கிடைக்கவில்லை. மக்கள் வாயில் எது இருக்கிறதோ அதுவே இருக்கட்டும், ‘கோவொர்க்கிங்’ என்றே தமிழ் எழுத்தில் போட்டுவிடலாம் என்று முடிவாகிவிட்டது. கிரீஷுக்கு வருத்தம். உடன்பணியை நான் விடாமல் சொல்லிப் பார்த்தேன் என்றார். அன்புக்கரசிக்கும் கொஞ்சம் ஏமாற்றம் இருந்தது. ஆனால் அது சாயங்காலம் பஸ் வரும்வரைகூட நிற்கவில்லை. வடிவமைப்பாளர்கள் கைபேசித் திரையில் இடம் போதாமல் அந்தச் சொல்லை ‘கோ-வொர்க்கிங்’ என்று இரண்டு வரியாக உடைத்து அனுப்பியபோது மட்டும் அவள் விடாப்பிடியாக நின்றாள். எழுத்தைச் சின்னதாக்குங்கள், கோடு மட்டும் வேண்டாம் என்று எழுதினாள். எழுத்தைச் சின்னதாக்கினார்கள்.

மழைக்காலம் தொடங்குவதற்கு முன் தௌசீஃபுக்குக் கொச்சியில் பெரிய வேலை கிடைத்தது. போகிற அன்று இருவரும் வழக்கம்போல வேலை பார்த்தார்கள். மாலையில் அவன் பையை எடுத்துக்கொண்டு, பிளக்கைக் காட்டி, இனிமேல் ஃபுல் டே உங்களுக்குத்தான் என்றான். அவள் சிரித்தாள். அந்தப் படம் வந்ததா, தியேட்டரில் ஓடியதா என்று அவளுக்குத் தெரியாது. படத்தின் பெயரையும் அவள் கேட்டுவைக்கவில்லை.

அதன்பின் ஒரு பிற்பகல் நல்ல மழை. தேவானை வேலை பார்க்கும் வீட்டில் எல்லோரும் கல்யாணத்துக்குப் போயிருந்ததால் அவளுக்குச் சீக்கிரமே வேலை முடிந்துவிட்டது. பஸ் நிறுத்தத்தில் நனைவதற்குப் பதில் மகள் இருக்கும் மாடிக்கு ஏறி வந்தாள். வாசலிலேயே நின்றுகொண்டு, செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று தடுமாறினாள். கயல் கையைப் பிடித்துக் கூட்டி வந்து, அன்புக்கரசிக்கு இடப்பக்கத்தில் காலியாகக் கிடந்த நாற்காலியில் உட்காரவைத்து, டீ கொண்டுவந்து கொடுத்தாள்.

தேவானை நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து டீயைக் குடித்தாள். எதிர் மேசையில் ஒரு பையன் திரையில் வீட்டு வரைபடங்களைச் சுழற்றிச் சுழற்றிப் பார்த்துக்கொண்டிருந்தான். அதற்கு அப்பால் ஒரு பெண் யாருக்கோ போனில் ஒரு வெளிநாட்டுக் கம்பெனியின் கணக்கை விளக்கிக்கொண்டிருந்தாள். ஒருவரும் தேவானையைப் பார்த்து முகம் சுளிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் முதுகு நாற்காலியில் சாய்ந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் கட்டைப்பையிலிருந்து ஒரு கட்டு முருங்கைக்கீரையையும் பழைய செய்தித்தாளையும் எடுத்தாள். அன்புக்கரசி பார்த்துவிட்டுத் தன் வேலைக்குத் திரும்பினாள். தேவானை தாளை மடியில் விரித்துக் கீரையை உருவத் தொடங்கினாள். பச்சை வாசனை மெல்லப் பரவியது.

“யாரும் வந்து இன்னா, ஏதுன்னு கேக்க மாட்டாங்களா?” என்று குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

“மாட்டாங்கம்மா.”

தேவானை அறையை ஒரு சுற்றுப் பார்த்தாள்.

“நல்லாத்தான் கீது,” என்றாள்.

வெளியே பாதாம் இலைகளில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. அன்புக்கரசி புதிதாக வந்திருந்த வேலையைத் திறந்தாள். வானிலை பற்றிய ஏதோ ஒரு செயலி. முதல் சொல்லைப் படித்து உதட்டை அசைத்தாள். பக்கத்தில் அம்மா காம்புகளைத் தனியாக ஒதுக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.